பொங்கல் வாரத்தில் எதை எதில் அனுப்புவது: ஸ்பீடு போஸ்ட், கூரியர், பஸ் பார்சல் ஓர் ஒப்பீடு

ஜனவரி பிறந்ததும் ஒரே கேள்வி பல வாய்களில் வரும். “12-ஆம் தேதி போட்டால் பொங்கலுக்குள் போய்விடுமா?” சென்னையில் வேலை செய்யும் மகள், தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் புடவை அனுப்பப் பார்க்கிறாள். கோவையில் ஒரு மாணவருக்கு, கடைசித் தேதி நெருங்கிவிட்ட விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. இன்னொருவருக்கு வக்கீல் நோட்டீஸ். மூன்று பேரும் கேட்பது “எது வேகம்?” என்றுதான்.

சாதாரண வாரத்தில் தமிழ்நாட்டுக்குள் ஸ்பீடு போஸ்ட்டுக்கும் கூரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பண்டிகை வாரத்தில் வேகத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அனுப்பும் இடம், வழியில் உள்ள இடம், வாங்கும் இடம் ஆகிய மூன்றில் எது எந்த நாள் பூட்டியிருக்கும் என்றுதான் கேட்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## முதலில், யாருக்கு எந்த நாள் லீவு?

பலர் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து, அன்றெல்லாம் போஸ்ட் ஆபீஸும் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் மாநில அரசின் பட்டியல். அஞ்சல் துறை மத்திய அரசுத் துறை. அதன் பட்டியல் வேறு. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத் உட்பட 14 நாட்கள் நாடு முழுக்கக் கட்டாய விடுமுறை. மேலும் 3 நாட்களை ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மத்திய அரசு ஊழியர் நலக் குழு ஒரு தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும். பொங்கல் நமக்கு வருவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான்.

அதனால் நடப்பது என்ன? 2026 ஜனவரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 15 வியாழன் பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. மாநில அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. அஞ்சலகத்துக்கோ வழக்கமாகப் பொங்கல் ஒரு நாள்தான் உண்டு. திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் அதற்கு வேலை நாட்கள். சனிக்கிழமையும் அஞ்சலகம் இயங்கும். மாட்டுப் பொங்கலன்று தபால்காரர் வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இது மறுபக்கமும் வேலை செய்யும். குருநானக் ஜெயந்தி, புத்த பூர்ணிமா இரண்டும் மாநிலப் பட்டியலில் இல்லை. அன்று தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும், போஸ்ட் ஆபீஸ் பூட்டியிருக்கும். நவம்பரில் ஒரு சாதாரண வேலை நாள் என்று நினைத்துக் கவரோடு போய்த் திரும்பி வருபவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டு இதற்கு நேர்மாறு: மாநில அரசுக்கு விடுமுறை, அஞ்சலகத்துக்கு இல்லை.

தனியார் கூரியருக்குப் பொதுவான பட்டியல் என்று ஒன்று கிடையாது. நிறுவனம் ஒரு தேதி சொல்லும். தெருவில் உள்ள கிளையை நடத்துபவர் வேறு தேதி சொல்வார். பெரும்பாலான கிளைகள் ஏஜென்சிதான். அங்கே வேலை செய்யும் பையன்களுக்கும் ஊர் உண்டு, பொங்கல் உண்டு. பஸ்ஸுக்கு மட்டும் லீவே இல்லை. பொங்கல் இரவிலும் ஓடும்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது கெடுவின் தன்மை. “இந்தத் தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும்” என்பதும் “இந்தத் தேதிக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்” என்பதும் வேறு வேறு. விண்ணப்பப் படிவங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். கூடவே “தபால் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று ஒரு வரியும் இருக்கும். ஜெனரல் கிளாசஸ் சட்டம், 1897-இன் 10-ஆம் பிரிவுப்படி, கடைசி நாளன்று அலுவலகமோ நீதிமன்றமோ மூடியிருந்தால் அடுத்து திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும். ஆனால் அது மத்தியச் சட்டங்களின் கீழ் வரும் கெடுக்களுக்கு. தனியார் கல்லூரியின் சேர்க்கைக் கெடுவுக்கு அதைக் காட்டி வாதாட முடியாது.

இரண்டாவது, கதவைத் திறக்க ஆள் இருக்கிறாரா என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பண்டிகை வாரத்தில் பொருள் திரும்பி வருவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். சென்னை அடுக்ககத்தில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும் வாரம் அது. கிராமத்தில் இதற்கு நேரெதிராக எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். ஆக, ஊருக்கு அனுப்புவதும் ஊரிலிருந்து நகரத்துக்கு அனுப்புவதும் ஒரே கணக்கு அல்ல.

அடுத்தது, போகிற இடத்தின் பின்கோடு. நகரத்துக்குள் யாரும் போவார்கள். சாலை முடிகிற கிராமத்துக்கு எல்லாரும் போவதில்லை. அப்புறம், சான்று தேவையா என்பது. கடைசியாகப் பொருள் என்ன: காகிதமா, துணியா, மூன்று நாளில் நமுத்துப்போகும் முறுக்கா.

| | ஸ்பீடு போஸ்ட் | கூரியர் | பஸ் பார்சல் |
|---|---|---|---|
| பொங்கல் வார லீவு | வழக்கமாகப் பொங்கல் ஒரு நாள், பிறகு ஞாயிறு | கிளைக்குக் கிளை மாறும். கேட்டே ஆக வேண்டும் | பஸ் ஓடும். பார்சல் ஆபீஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளவும் |
| கிராமத்து வாசல் வரை | போகும் | பல இடங்களில் போகாது | பஸ் நிலையம் வரைதான் |
| சட்டப்படியான சான்று | வலுவானது | இடத்தைப் பொறுத்தது | கிட்டத்தட்ட இல்லை |
| வீடு பூட்டியிருந்தால் | அஞ்சலகத்தில் காத்திருக்கும், பிறகு திரும்பும் | கிளையில் காத்திருக்கும் | நேரில் வந்து வாங்குவதால் கேள்வியே இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | கட்டுப் புறப்படும் நேரம் தவறினால் போகும் நாட்கள் | கிளைக்குப் போய் வாங்கும் செலவு | இரு பக்கமும் ஆட்டோ, காத்திருப்பு |
| ஏற்றது | ஆவணம், நோட்டீஸ், கிராமத்து முகவரி | நகரத்திலிருந்து நகரத்துக்குப் பொருள் | கனமானது, கெட்டுப்போவது, கடைசி நாள் |

## ஸ்பீடு போஸ்ட்

2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1-இல் கட்டணமும் மாறியது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், நாட்டில் வேறெங்கும் 47 ரூபாய். 250 கிராம் வரை என்றால், 200 முதல் 500 கிலோமீட்டருக்குள் 63 ரூபாய். சென்னையிலிருந்து மதுரை இந்தக் கணக்கில் வரும். ஜி.எஸ்.டி. தனி. 500 கிராமுக்கு மேல் போனால் பார்சல் கட்டணம். ஒரு சாதாரண ஆவணக் கவருக்கு இந்த விலையில் நாடு முழுக்கப் போகிற வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கவனிக்க வேண்டியது, இணைப்புக்குப் பிறகு வந்த கூடுதல் வசதிகள். வெறும் ஸ்பீடு போஸ்ட் முகவரிக்கானது: அந்த வீட்டில் இருப்பவர் யாரும் வாங்கிக்கொள்ளலாம். கூடுதலாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டிப் பதிவு வசதியைச் சேர்த்தால், பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் உண்டு, அதற்குத் தனியாக இன்னொரு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். சாதாரண நாளில் “பாதுகாப்புதானே, போட்டுவிடுவோம்” என்று தோன்றும். பண்டிகை வாரத்தில் இது இரண்டு பக்கமும் வெட்டும். அப்பா பெயருக்குப் பதிவோடு அனுப்பி, அவர் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தால், வீட்டில் அம்மா இருந்தும் பொருள் திரும்ப அஞ்சலகத்துக்குப் போக நேரலாம். புடவைக்கு எதற்குப் பதிவு? வக்கீல் நோட்டீஸுக்கு, சட்டம் பதிவு அஞ்சல் என்று கேட்கிற எல்லாவற்றுக்கும், கட்டாயம் சேருங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் தகவல் சீட்டு வைத்துவிட்டுப் போவார். பொருள் அந்தப் பகுதி அஞ்சலகத்தில் பொதுவாக ஏழு நாள் இருக்கும். அடையாள அட்டையோடு போய் வாங்கலாம். ஏழு நாள் தாராளம்போலத் தெரியும். 13-ஆம் தேதி முதல் முறை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனால், ஊருக்குப் போனவர் அதற்கடுத்த ஞாயிறு இரவுக்கு முன் திரும்புகிறாரா என்று எண்ணிப் பாருங்கள். நகரத்து வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், பொங்கலுக்கு முன் அவசரமாக அனுப்புவதைவிட, 16 அல்லது 17-இல் கவுன்டரில் கொடுத்து 19-க்கு மேல் போய்ச் சேரும்படி பார்ப்பது புத்திசாலித்தனம். அஞ்சலகம் திறந்திருக்கிறது என்பதற்காக எதையும் பண்டிகைக்குள் திணிக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமல்ல, கட்டுப் புறப்படும் நேரம். கவுன்டரில் வாங்கியவுடன் பொருள் கிளம்பிவிடாது. அன்றைய பை மூடப்படும் நேரம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு கொடுத்தது மறுநாள்தான் கிளம்பும். போகியன்று மாலை தாமதமாகக் கொடுத்தால், நடுவில் விடுமுறை விழுந்து அது மறுநாளும் இல்லாமல் போகும். “இன்றைக்கு டெஸ்பாட்ச் ஆகுமா?” என்று கவுன்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னக் கிளை அஞ்சலகத்தைவிடத் தலைமை அஞ்சலகம் நல்லது. அதையும்விட, பெரிய ரயில் நிலையங்களில் உள்ள ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) கவுன்டர் நல்லது. தபால் பிரிக்கும் இடமே அதுதான் என்பதால் ஒரு கட்டம் மிச்சம். சில ஊர்களில் அது இரவிலும் இயங்கும். நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துக்கு அனுப்பும்போது கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கிளை அஞ்சலகத்துக்குப் பை துணை அஞ்சலகத்திலிருந்து வர வேண்டும். கிராமிய டாக் சேவக் எனப்படும் கிராமத்து அஞ்சல் ஊழியர்கள் நடத்தும் அந்த அலுவலகங்கள் நாளில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். ஆனாலும் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். பெயரும் தெருவும் சரியாக இருந்தால் வீட்டு எண் இல்லாமலே வந்துசேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தென்காசிப் பக்கத்துப் புடவைக்கு என் ஓட்டு ஸ்பீடு போஸ்ட்டுக்குத்தான்.

நஷ்ட ஈட்டை நம்ப வேண்டாம். தாமதமானாலோ தொலைந்தாலோ கிடைப்பது நீங்கள் கட்டிய கட்டணத்தை ஒட்டிய சிறு தொகை. உள்ளே இருந்த பட்டுப் புடவையின் விலை அல்ல. விலையுயர்ந்த பொருளுக்கு இன்ஷூர் செய்யும் வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். புத்தகம் அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 மே 1-இல் வந்த ‘ஞான் போஸ்ட்’ மலிவுதான், ஆனால் தரைவழியில் மெதுவாகப் போவது. பண்டிகைக் கெடு இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

## கூரியர்

கூரியரின் பெரிய பலம், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வதும் போன் செய்தால் ஒரு ஆள் பேசுவதும். எஸ்.டி. கூரியர், புரொஃபஷனல் கூரியர் போன்றவை தமிழ்நாட்டுக்குள் சின்ன ஊர்கள் வரை கிளை வைத்திருக்கின்றன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்று நகரத்திலிருந்து நகரத்துக்கு ஒரு பெட்டி அனுப்ப இது வசதி. அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு என்றால் இன்னும் நல்லது.

பண்டிகைக்கு முந்தைய வாரம்தான் இவர்களுக்கும் உச்ச காலம். ஆன்லைன் ஆர்டர், கம்பெனிப் பரிசுப் பெட்டி, இனிப்பு என்று எல்லாம் ஒரே குடோனில் குவியும். வாங்கும்போது “நாளைக்கே போய்விடும் சார்” என்பார்கள். அது கிளம்பும் நாளைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்வது நல்லது. கேட்க வேண்டியது வேறு ஒருவரை: போய்ச் சேரும் ஊரில் உள்ள கிளையை. அவர்கள் எந்தத் தேதிவரை டெலிவரிக்குப் போகிறார்கள், என்று திரும்பத் திறக்கிறார்கள் என்ற இரண்டு பதில்கள் கிடைத்தால் போதும். அந்தக் கிளை போனையே எடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

செலவு மறைந்திருக்கும் இடம் கிராமம். கிளையிலிருந்து தள்ளி உள்ள முகவரிக்கு, “வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று போன் வரும். வயதான அம்மா, பொங்கல் கூட்டத்தில், பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்க வேண்டும். அனுப்பியவர் ரசீதில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இன்னொன்று, தபால் பெட்டி எண் மட்டும் கொடுத்திருக்கும் முகவரிக்குக் கூரியரால் கொடுக்க முடியாது. “பதிவுத் தபால் அல்லது விரைவுத் தபால் மூலம் மட்டும்” என்று போட்டிருக்கும் விண்ணப்பத்துக்கும் கூரியர் ஆகாது. எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் திருப்பிவிட அவர்களுக்கு உரிமை உண்டு.

## பஸ் பார்சல்

பஸ்ஸில் போட்டுவிடுவது நம் ஊரின் பழைய ஏற்பாடு. ஆம்னி பஸ் அலுவலகத்தில் கொடுத்து, பஸ் எண்ணையும் டிரைவர் நம்பரையும் வாங்கி அந்தப் பக்கம் சொல்லிவிட்டால், காலையில் அங்கே ஆள் நின்று வாங்கிக்கொள்வார். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022-இல் பேருந்துகளில் பார்சல் சேவையைத் தொடங்கியது. கனம் கூடக்கூட இதில்தான் லாபம். தபாலிலும் கூரியரிலும் எடைக்கு எடை கட்டணம் ஏறும். இங்கே ஒரு மூட்டைக்கு ஒரு விலை பேசி முடித்துவிடலாம்.

ராத்திரி ஏற்றினால் காலையில் ஊரில் இருக்கும் என்பதால் அதிரசம், முறுக்கு போன்றவற்றுக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. நடுவில் குடோன் கிடையாது, லீவு கிடையாது, பூட்டிய வீடும் கிடையாது. (பட்டாசை மட்டும் இந்த மூன்றில் எதிலும் அனுப்ப நினைக்காதீர்கள். சட்டமும் விடாது, விபத்தும் விடாது.)

ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரண்டு இரவுகளில் டிக்கியில் பயணிகளின் பெட்டியே நிரம்பி வழியும். பார்சலை எடுக்க மாட்டேன் என்பார்கள், அல்லது கேட்கிற விலை இரட்டிப்பாகும். சென்னையில் இன்னொரு சிக்கல்: 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. திருவொற்றியூரில் இருப்பவர் ஒரு பையைக் கொடுக்கக் கிளாம்பாக்கம் வரை போய் வரும் செலவைக் கணக்கில் சேர்த்தால், மலிவு என்பது காணாமல் போய்விடும். அந்தப் பக்கமும் அதிகாலை நாலரை மணிக்கு ஒருவர் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். பண்டிகை நெரிசலில் அந்தப் பஸ் எட்டு மணிக்கு வரலாம்.

தொலைந்தால் கேட்க வழி குறைவு. மூலச் சான்றிதழ், பாஸ்போர்ட், சொத்துப் பத்திரம் ஆகியவற்றை எவ்வளவு தெரிந்த டிரைவர் என்றாலும் கொடுக்காதீர்கள்.

ரயில் பார்சல் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. பைக், மரச்சாமான் என்றால் சரி. ஒரு பெட்டித் துணிக்கு அந்த அலைச்சல் வேண்டாம். சேர்ந்த பிறகு உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகையும் விழும்.

## அனுப்பாமலே முடிக்கலாமா?

இந்த வழியைத் தாழ்வாக நினைப்பவர்கள் அதிகம். இனிப்பும் பழமும் கரும்பும் போகிற ஊரிலேயே கிடைக்கும். அந்த ஊர்க் கடைக்குப் போன் போட்டுப் பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால், கடைப் பையனே வீட்டில் கொடுத்துவிட்டு வருவான். சென்னைக் கடை அல்வாவைத் திருநெல்வேலிக்கு அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மையில் இருக்கிறார்கள். ஊருக்குப் போகிற உறவினர் பெட்டியில் ஒரு புடவைக்கு இடம் இருக்கும் என்பதும் யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை.

## போகியன்று மாலையில் நினைவு வந்தால்

புடவை என்றால் விட்டுவிடலாம். இனி எதில் போட்டாலும் பொங்கல் காலைக்குச் சேர்வதற்கு பஸ் ஒன்றுதான் வழி; அன்றைய இரவு விலையையும் கூட்டத்தையும் பார்த்தால், அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு 16-ஆம் தேதி நிதானமாக ஸ்பீடு போஸ்ட்டில் போடுவதே மேல். கிராமத்தில் அந்த வாரம் முழுக்க ஆள் இருப்பார்கள்.

நோட்டீஸ் என்றால், சட்டம் சொல்லும் நாள் அனுப்பிய நாளா, சேர்ந்த நாளா என்று வக்கீலிடம் கேளுங்கள். அனுப்பிய நாள்தான் என்றால் ஆர்.எம்.எஸ். கவுன்டருக்கு ஓடுங்கள், அன்றைய தேதியிட்ட ரசீது கையில் வந்தால் போதும்.

கெடு உள்ள விண்ணப்பம் என்றால் அன்றே இரண்டு வேலை. போகி மாநில அரசுக்கு வேலை நாள். ஐந்தே முக்கால் மணிக்குள் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, ஸ்கேன் செய்த பிரதியை மின்னஞ்சலில் ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்பதாகச் சொன்னால் அதை மின்னஞ்சலிலேயே உறுதி செய்யச் சொல்லுங்கள். பிறகு மூலப்பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து, ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணை அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை காலை அங்கே அதைத் தேடப்போகும் ஊழியருக்கு அந்த எண்தான் வேண்டும்.